ஈரத்துக்குக் கழிவு

டிக்கோயா ஆஸ்பத்திரி, சுகவனிதையர் கிளினிக்.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார்கள்.
முள் எழுபத்தொன்றில் போய்
கொஞ்சம் நடுங்கி நின்றது.

சாக்குக்கு ஒரு கிலோ
ஈரத்துக்கு ரெண்டு கிலோ என்று
கொழுந்து மடுவத்தில் எங்களுக்குக் கழிப்பார்கள்.
வெயில் நாளிலும் ஈரத்துக்குக் கழித்தவர் உண்டு.
நானும் சும்மா கேட்டுப் பார்த்தேன்:
மிஸ், சேலைக்கு ஒண்ணும் கழிக்க மாட்டீங்களா?
தம்மிகா மிஸ்ஸுக்குத் தமிழ் பாதிதான் தெரியும்.
சிரித்தாள்.
ஞானசௌந்தரி என்ற என் பெயரைப் பாதியாக்கி
எடையை முழுசாக எழுதினாள்.

பதினெட்டு வயசில் எவ்வளவு இருந்தீங்க
என்கிறார் டொக்டர்.
என்னை யார் நிறுத்தது அப்போது?
கொழுந்தைத்தான் நிறுத்தார்கள்.
பதினெட்டு கிலோ எடுத்தால் பேர்,
பதினேழென்றால் அரைப் பேர்தான் விழும்.
மூத்தவன் வயிற்றிலிருந்தபோது கார்டில் போட்ட
நாற்பத்தாறு ஞாபகம் இருந்தது. அதைச் சொன்னேன்.
அவனையும் சேர்த்து நாற்பத்தாறு.

இருபத்தைந்தும் ஒரே நாளில் வந்ததில்லை, டொக்டர்.
மலையை விட்டுப் பிள்ளை மடுவத்துக்கு மாறிய வருசம் ஒரு நாலு;
பிள்ளைகள் மிச்சம் வைத்த திரிபோஷா உருண்டைகள்.
அம்மாவோடு மகரகமவில் கிடந்த எட்டு மாசம்
அவள் தள்ளிவைத்த சோற்றையெல்லாம் நான் தின்றேன்.
வீசினால் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.
பிறகு அக்கா புனிதவதி.
அதே வார்டு, அதே இடப்பக்கம்.
பிறகு தூக்கம் வராத ராத்திரிகள்,
ஆறிப்போன ரொட்டி,
சீனி அள்ளிப்போட்ட சாயத்தண்ணி.
மிச்சம் எப்போது ஏறியதென்று தெரியாது.
பனி ஏறுகிற மாதிரிதான்,
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
கோயில் காணாமல் போகும்.

லயத்தில் யாரும் குறை சொல்லவில்லை.
இப்பதான் பூசினாப்ல இருக்கே என்றார்கள்.
எங்கள் பக்கம் எலும்பு தெரிந்தால்தான் விசாரணை:
புருசன் குடிக்கிறானா,
அடுப்பு எரியுதா.
சதை போட்டவளை ஒருத்தரும் கேட்பதில்லை.
என் வீட்டுக்காரர் என்னோடு ஹட்டன் டவுனில் நடக்கும்போது
நெஞ்சை நிமிர்த்தி நடப்பார்.

டொக்டர் பேனாவை மூடினார்.
அம்மாவுக்கு வந்தது, அக்காவுக்கு வந்தது,
அதை மாற்ற ஏலாது.
மாதவிலக்கு நின்ற பிறகு
உடம்புக் கொழுப்பே அந்த ஹோர்மோனைச் செய்யும்.
இதை மட்டும் கொஞ்சம் பிடித்துப் பார்க்கலாம் என்றார்.
குறைத்தால் வராது என்று அவர் சொல்லவில்லை.
அதனால்தான் நம்பினேன்.

நடங்க, என்றார் கடைசியாக.

நடப்பதா!
ஏழாம் நம்பர் மலையில்
இருபத்திரண்டு வருசம் கூடையோடு நடந்தவளிடம்
ஒரு மனுசன் சொல்லுகிற பேச்சா இது?
பஸ்ஸில் வரும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.
பக்கத்தில் இருந்தவள் ஜன்னலோரமாய் நகர்ந்துகொண்டாள்.

இப்போது அந்தியில் ஏறுகிறேன்.
அக்காவும் வருகிறாள்,
ஒரு பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த சட்டையோடு.
அவளுக்கும் மூச்சு வாங்குகிறது, எனக்கும்.
கேட்டால் ரெண்டு பேரும் மலையைத்தான் திட்டுவோம்.

வெறுங்கையாய் மலையேறும் பொம்பளைகளை
எங்கள் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை.
வாச்சர் செபமாலை வழியில் நிறுத்திக் கேட்டார்:
என்னத்தைத் தொலைச்சீங்க ரெண்டு பேரும்?
அக்கா திரும்பாமலே சொன்னாள்:
இவ இன்னும் ஒண்ணும் தொலைக்கல.

அவருக்கு விளங்கவில்லை.
டோர்ச்சை அடித்து
தேயிலைத் தூரெல்லாம் தேடிப் பார்த்தார்
எங்களுக்காக.